காட்சி கண்டேன் என்பவரை எப்படி விசாரிப்பது? கத்தோலிக்க மரபின் நீண்ட அனுபவம்



பிற சமயங்களைப் பற்றி மதரஸாவில் பாடம் நடத்தும் ஆசிரியனுக்கு ஓர் அபாயம் எப்போதும் உண்டு. பிறருடைய கொள்கையை அவர்களிடமே கேட்டறியாமல், தன் வசதிக்கேற்பச் சுருக்கிச் சொல்லிவிடுவான். பல ஆண்டுகளாக அதை நானும் செய்துவந்தேன். "மர்யம் (அலை) அவர்கள் இன்ன ஊரில், இன்ன நாளில் தோன்றினார்கள் என்று திருச்சபை அறிவித்துவிட்டால், ஒவ்வொரு கத்தோலிக்கரும் அதனை வேதவாக்கைப் போல் நம்பியாக வேண்டும். ஆகவே அவர்களிடத்தில் வஹீ இன்னும் முடிவுறவில்லை" என்று நான் வகுப்பில் கூறுவது வழக்கம். கேட்ட மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பாடம் முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவர் அவ்வாறு எழுதிக்கொண்டு வீட்டுக்குச் சென்றார். அவருடைய அண்டை வீட்டில் ஓய்வு பெற்ற கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் வசிக்கிறார். மாணவர் அவரிடம் இதைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் சிரித்துவிட்டு, "தம்பி, லூர்துக் காட்சியை நான் நம்புகிறேன். நம்பாவிட்டாலும் நான் கத்தோலிக்கர்தான்" என்றாராம். மறுநாள் மாணவர் எழுந்து நின்று இதைச் சொன்னபோது எனக்கு உடனே விடை வரவில்லை. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தேன். அம்மையார் சொன்னதே சரி. நான் கற்பித்தது தவறு. மாற்றாரைப் பற்றிப் பேசுகையிலும் நீதி தவறலாகாது என்பது ஸூரத்துல் மாயிதா நமக்கு இட்டுள்ள கட்டளை. ஆகவே திருத்தத்தை வகுப்பறைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் இங்கும் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். கத்தோலிக்க இறையியல் வெளிப்பாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, பொது வெளிப்பாடு. அது ஈஸா (அலை) அவர்களின் கடைசிச் சீடரோடு முற்றுப்பெற்றது என்பது அவர்களுடைய உறுதியான நிலைப்பாடு. "வெளிப்பாடு சீடர்களோடு முடிவுறவில்லை" என்ற கருத்தை 1907ஆம் ஆண்டு ஜூலையில் ரோமாபுரி ஓர் ஆணையின் வாயிலாகத் தள்ளுபடியே செய்தது. மற்றொன்று, தனி வெளிப்பாடு. அதன் பின்னர் தனிமனிதர்கள் கண்டதாகக் கூறும் காட்சிகள், கேட்டதாகக் கூறும் செய்திகள் யாவும் இதில் அடங்கும். இவை எத்தனை புகழ் பெற்றாலும் விசுவாசத்தின் மூலப் பொருளோடு ஓர் எழுத்தையும் கூட்ட மாட்டா. நபித்துவம் முற்றுப்பெற்றுவிட்டது, ஆயினும் நற்கனவுகள் எஞ்சியுள்ளன என்ற நம் கோட்பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை விளங்குவதில் சிரமம் இராது. முற்றுப்பெற்றது எங்கே, யாரோடு என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு. அது சிறிய வேறுபாடன்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் காட்சி கண்டோர் பெருகினர். அவர்களுள் மிகப் புகழ் பெற்றவர் ஸ்வீடன் நாட்டு பிரிஜித் என்ற பெண்மணி. 1391இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. ஆயினும் 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய பொதுச்சங்கத்தில் அவருடைய வெளிப்பாடுகள் மறுபடியும் விவாதத்துக்கு வந்தன. அப்போது பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஜான் ஜெர்சோன் என்ற அறிஞர், ஆவிகளைச் சோதித்தறிவது பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். காட்சி யாருக்கு வந்தது, அதில் சொல்லப்பட்டது என்ன, எதற்காக, அதை அவர் யாரிடம் வெளியிட்டார், எப்படி வாழ்கிறார், அது எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் கேட்கப்பட வேண்டிய கேள்விகளை அவர் அதில் வைத்தார். பொய்யான காட்சியை ஏற்பது ஆபத்து, பல நாடுகளில் மக்கள் ஏற்கெனவே போற்றிவரும் ஒன்றை மறுப்பதும் ஆபத்து என்ற இக்கட்டையும் அவர் மறைக்கவில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் எழுதிய மற்றொரு நூலில் ஜெர்சோன் ஓர் அழகிய உவமையைக் கையாள்கிறார். உண்மையான வெளிப்பாட்டைப் பொற்காசுக்கு ஒப்பிடுகிறார். காசின் எடை பணிவு. அதன் வளையும் தன்மை விவேகம். உறுதி பொறுமை. அதில் பதிந்த முத்திரை வாய்மை. நிறம் அன்பு. இவ்வைந்தில் ஒன்று குறைந்தாலும் காசு கள்ளக்காசு. ஹதீஸ் கலையைக் கற்றவர்களுக்கு இதைப் படித்தவுடன் நம்முடைய முஹத்திஸ்கள் நினைவுக்கு வருவார்கள். அறிவிப்பாளர்களை எடைபோட்ட அவ்வறிஞர்களை, நாணயத்தைச் சோதிக்கும் ஸர்ராஃபுக்கு நம் மூத்தோரும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். செய்தியைச் சோதிக்கும் தேவை எழும்போது, காசைத் தட்டிப் பார்க்கும் மனிதனின் உருவம் எங்கும் தோன்றும் போலும்.

1516 டிசம்பரில் ஐந்தாம் லாத்தரான் பொதுச்சங்கம், மஹ்ஷர் எப்போது, தஜ்ஜாலின் வருகை எப்போது என்றெல்லாம் நாள் குறித்துப் பிரசங்கம் செய்வதைத் தடை செய்தது. ஒருவர் தமக்கு வந்ததாகச் சொல்லும் வெளிப்பாடு முதலில் ரோமாபுரியின் ஆய்வுக்கு உட்பட வேண்டும். அவசரமெனில் உள்ளூர் ஆயர் கற்றறிந்த மூன்று நான்கு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆராய வேண்டும். 1563இல் திரிதெந்து பொதுச்சங்கமும் புதிய அற்புதம் எதனையும் ஆயரின் ஒப்புதலின்றி ஏற்கலாகாது என விதித்தது.

இந்தக் கடுமை காரணமின்றி வந்ததன்று. ஸ்பெயினின் குர்துபா நகரில் (நம் முன்னோரின் குர்துபாவேதான்) மக்தலேனா தெ லா குரூஸ் என்ற கன்னியர் மடத்துத் தலைவி இருந்தார். உணவின்றி வாழ்கிறார், உடலில் தெய்விகக் காயங்கள் தோன்றுகின்றன என்று அரச குடும்பம் வரை அவர் புகழ் பரவியிருந்தது. 1543இல் நோயுற்றபோது யாவும் பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1546இல் விசாரணை மன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. அந்த அதிர்ச்சி நெடுங்காலம் நீடித்தது. பின்னாளில் அவிலா நகரத் தெரேசா தமக்குக் காட்சிகள் வருவதாகச் சொன்னபோது, அவருடைய ஆன்மிக வழிகாட்டிகளில் ஒருவர், காட்சி வந்தவுடன் அதை நோக்கி விரல்களால் இழிவுச் சைகை காட்டும்படி கட்டளையிட்டார். வருவது ஷைத்தானாக இருக்கலாம் என்ற அச்சமே காரணம். தெரேசா கண்ணீரோடு அதற்குக் கீழ்ப்படிந்தார். கட்டளையை மீறிக் காட்சியை ஆதரித்திருந்தால் அவர்மேல் சந்தேகம் வலுத்திருக்கும். கீழ்ப்படிந்ததே பின்னர் அவருக்கு ஆதரவான சான்றாயிற்று.

அவருடைய தோழர் சிலுவை யோவான் இன்னும் ஒரு படி மேலே சென்றார். காட்சிகளை விரும்பவே கூடாது, வந்தாலும் அவற்றில் தங்கிவிடலாகாது, சொல்ல வேண்டியதை எல்லாம் இறைவன் முன்னரே சொல்லி முடித்துவிட்டான் என்பது அவர் வாதம். கத்தோலிக்கர்கள் தலைசிறந்த ஞானிகளாகப் போற்றும் இருவரின் நிலை இது. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களைப் பற்றி நம்மிடையே வழங்கும் நிகழ்ச்சியை இங்கே நினைவுகூரலாம். பேரொளி ஒன்று தோன்றி, "விலக்கப்பட்டவற்றை உமக்கு ஆகுமாக்கினேன்" என்றது. ஷரீஅத்துக்கு மாறாகப் பேசியதைக் கொண்டே அது ஷைத்தான் என அவர்கள் கண்டுகொண்டு விரட்டினார்கள். காட்சியின் பிரகாசத்தைப் பாராமல் அது சொன்னதை உரைத்துப் பார்த்தார்கள்.

இவ்வாறு சிதறிக் கிடந்த அளவுகோல்களை ஒழுங்குபடுத்தியவர் ப்ரோஸ்பெரோ லம்பர்த்தினி. புனிதர் பட்ட விசாரணைகளில் எதிர்த்தரப்பில் நின்று ஆட்சேபங்களை எழுப்புவதற்கென்றே ரோமாபுரியில் ஒரு பதவி இருந்தது. மக்கள் அதை 'ஷைத்தானின் வக்கீல்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். லம்பர்த்தினி சுமார் 20 ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். அந்த அனுபவத்தைத் திரட்டி 1734 முதல் 1738 வரை நான்கு பாகங்களில் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1740இல் அவரே பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆனார்.

எங்கள் மாணவர் எழுப்பிய கேள்விக்கான விடை அந்நூலில் இருக்கிறது. ஹில்டகார்ட், பிரிஜித், சியன்னா நகரக் கதரீன் ஆகியோரின் வெளிப்பாடுகளைத் திருச்சபை அங்கீகரித்திருக்கிறதே, அவற்றை நம்புவது கடமையா என்று கேட்டுக்கொண்டு அவர் விடையளிக்கிறார். மார்க்க விசுவாசம் என்ற வகையில் அவற்றை நம்புவது கடமையும் அன்று, கூடியதும் அன்று. விவேகத்தின் விதிகளுக்கு உட்பட்டு, மனிதச் சான்றை நம்புவது போல் நம்பலாம். போதிய காரணத்தோடும் அடக்கத்தோடும் ஒருவர் நம்ப மறுத்தால் அவர்மீது குற்றமில்லை. திருச்சபையின் அங்கீகாரம் என்பது 'இதில் கொள்கைக்கு முரணானது ஏதுமில்லை, படிக்கலாம்' என்ற அனுமதிதான்.

புனிதர்களும் தவறக்கூடும் என்பதற்கு ஒரு பழைய வழக்கை அவர் ஆராய்ந்தார். மர்யம் (அலை) அவர்கள் கருவுற்ற கணத்திலேயே பாவக் கறையின்றி இருந்தார்களா என்பது அவர்களிடையே நூற்றாண்டுகளாக நடந்த வாதம். 'ஆம்' என்று பிரிஜித்துக்கு வெளிப்பட்டதாம். 'இல்லை' என்று கதரீனின் பெயரால் ஒரு வெளிப்பாடு வழங்கிற்று. இருவரும் பட்டம் பெற்ற புனிதர்கள். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலாது. புனிதர் தம் சொந்தக் கருத்தை வெளிப்பாடென மயங்கியிருக்கலாம், எழுதியவர் கைவைத்திருக்கலாம். ஆகவே ஒருவருடைய ஸாலிஹான வாழ்வு அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் ஜாமீன் ஆகாது. வணக்கசாலியாக இருந்தும் நினைவாற்றல் குறைந்த அறிவிப்பாளரின் ஹதீஸை நம் இமாம்கள் ஒதுக்கியதை இத்துடன் வைத்து எண்ணிப் பாருங்கள்.

அளவுகோல் இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்தும்போதுதான் அதன் வலிமை தெரியும். அதற்கு லூர்து நல்ல எடுத்துக்காட்டு. 1858 பிப்ரவரி 11 அன்று பிரான்சின் தென்மேற்கில் பிரனீஸ் மலையடிவாரத்தில் பெர்னதெத் சுபிரு என்ற 14 வயது ஏழைச் சிறுமி, விறகு பொறுக்கச் சென்ற இடத்தில் ஒரு குகையில் ஒளி பொருந்திய பெண்ணைக் கண்டதாகக் கூறினாள். ஜூலை 16 வரை 18 முறை அது நிகழ்ந்ததாம். முதலில் அவளை விசாரித்தது திருச்சபை அன்று, காவல் அதிகாரி. மாவட்ட நிர்வாகம் அனுப்பிய மூன்று மருத்துவர்கள் அவளைச் சோதித்து, மனமயக்கமாக இருக்கலாம், ஆனால் அடைத்துவைக்கத் தேவையில்லை என்றனர். ஊற்று நீரைத் துலூஸ் நகர வேதியியல் பேராசிரியர் பகுத்தாய்ந்து, இது சாதாரணக் குடிநீர், மருந்துக் குணம் ஏதுமில்லை என்று அறிக்கை தந்தார். ஊர்ப் பங்குத்தந்தை பெய்ரமால் குகைப் பக்கம் செல்லவே இல்லை. அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்டு வா, பிப்ரவரிக் குளிரில் அங்குள்ள காட்டு ரோஜாவைப் பூக்கச் சொல் என்று சிறுமியை அனுப்பினார். ரோஜா பூக்கவில்லை. மார்ச் 25 அன்று, 'நாமே அமல உற்பவம்' என்ற பெயரோடு அவள் திரும்பி வந்தாள். அச்சொற்றொடரின் பொருள் அவளுக்கு விளங்கவில்லை என்பதே பெய்ரமாலின் மனத்தை அசைத்தது.

இவ்விடத்தில் ஒரு வாசகர் ஆட்சேபிக்கலாம். போப் அந்தக் கொள்கையைப் பிரகடனம் செய்தது 1854 டிசம்பரில். நான்கு ஆண்டுகளில் அச்சொல் ஏதேனும் ஒரு பிரசங்கத்தில் சிறுமியின் காதில் விழுந்திருக்காதா? நியாயமான கேள்வி. எனக்கும் அதே ஐயம் உண்டு. ஆனால் அவர்கள் விசாரித்த முறையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த இளவேனிலில் லூர்தில் வேறொன்றும் நடந்தது. குகையில் தாமும் காட்சி காண்பதாகப் பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பலர் கிளம்பிவிட்டனர். ஜூன் மாதத்தில் அரசு குகையை வேலியிட்டு அடைத்தது. ஜூலை 28 அன்று தார்ப் ஆயர் லாரான்ஸ் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். குழு அவசரப்படவில்லை. சாட்சிகளைக் கேட்டது. குணமடைந்ததாகச் சொன்னவர்களைப் பற்றி ஒரு மருத்துவப் பேராசிரியரின் கருத்தைப் பெற்றது. ஏழு நிகழ்ச்சிகளை மட்டுமே ஏற்றது. 1860 டிசம்பரில் பெர்னதெத் ஆயரின் முன்னிலையில் மீண்டும் விசாரிக்கப்பட்டாள். கூட்டத்தில் கிளம்பிய மற்றக் காட்சிக்காரர்களில் ஒருவரும் அங்கீகாரம் பெறவில்லை. 1862 ஜனவரி 18 அன்றுதான் தீர்ப்பு வந்தது. காட்சி உண்மையானது, விசுவாசிகள் அதை நம்புவதற்கு நியாயம் உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. நம்பியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

பெர்னதெத்திடம் எனக்கு மதிப்பு உண்டாக்கிய செய்தி வேறு. காணிக்கைப் பணத்தை அவள் ஏற்க மறுத்தாள். சொல்வது தன் பணி, நம்பவைப்பது தன் பணியன்று என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கினாள். 1866இல் தொலைவிலுள்ள நெவேர் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். 1879இல் அங்கேயே, 35 வயதில் இறந்தாள். புகழின் மீது ஒரு கட்டடமும் அவள் எழுப்பிக்கொள்ளவில்லை. இன்று லூர்தில் கடை வைத்திருப்பவர்கள் வேறு மனிதர்கள்! 1883 முதல் அங்கு இயங்கும் மருத்துவ ஆய்வகத்துக்கு ஆயிரக்கணக்கான முறையீடுகள் வந்துள்ளன. திருச்சபை அற்புதமென ஏற்றவை இன்றளவும் 70ஐச் சற்றே தாண்டுகின்றன.

எதிர்ப்பக்கத்தில் லா சலேத் நிற்கிறது. 1846 செப்டம்பர் 19 அன்று பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த மெலானி, மக்ஸிமென் என்ற இரு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார்கள். 1850இல் மக்ஸிமென் ஆர்ஸ் என்ற சிற்றூருக்குச் சென்று, பிரான்ஸ் முழுவதும் வலியாகப் போற்றப்பட்ட பங்குத்தந்தை ஜான் வியான்னியைச் சந்தித்தான். பையன் தான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னதாகவே அவர் விளங்கிக்கொண்டார். அதன் பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் லா சலேத்தை நம்பவில்லை. இடையில் 1851இல் கிரனோபிள் ஆயர் அதனை அங்கீகரித்துவிட்டார். ஆயர் ஏற்றதை ஒரு பங்குத்தந்தை ஏற்கவில்லை. தம் வாழ்வின் இறுதியில் அவர் மீண்டும் நம்பிக்கைக்குத் திரும்பினார் என்பது வேறு கதை. 1925இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது அந்த எட்டு ஆண்டுகளின் ஐயம் தடையாக நிற்கவில்லை. அண்டை வீட்டு அம்மையார் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

மெலானி 1879இல் தன் 'இரகசியத்தை' நீண்ட பிரசுரமாக வெளியிட்டார். குருமாரைக் கடுமையாகச் சாடிய அப்பிரசுரத்தின் ஒரு பதிப்பு 1923இல் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆள், அதே காட்சி. பிள்ளையாகச் சொன்னது ஏற்கப்பட்டது, பின்னாளில் எழுதிச் சேர்த்தது மறுக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டை விரைந்து கடப்போம். 1917இல் பாத்திமாவில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது 1930 அக்டோபரில் நம்பத்தகுந்தது என்று அறிவிக்கப்பட்டது. உலகப் போருக்குப் பின் காட்சிகள் வெள்ளமெனப் பெருகியபோது, ரோமாபுரியின் விசுவாசக் காவலர்களில் ஒருவரான ஒத்தாவியானி 1951இல் வத்திக்கான் நாளேட்டில், இத்தனை எளிதில் கிளர்ச்சியடையாதீர்கள் என்று தம் மக்களையே கண்டித்து எழுதினார். 1978 பிப்ரவரியில் ஆயர்களுக்கென எழுதப்பட்ட விதிமுறைகள், கண்டவரின் மனநலம், நேர்மை, கீழ்ப்படிதல், செய்தியில் பிழையின்மை, பண ஆசை கலந்திருக்கிறதா என்பன போன்றவற்றை வரிசைப்படுத்தின. 2024 மே மாதத்தில் வந்த புதிய விதிகள் இன்னும் பின்வாங்கின. 'இது விண்ணிலிருந்து வந்தது' என்ற தீர்ப்பைப் பொதுவாக இனி ஆயர் வழங்கமாட்டார். 'தடையில்லை' என்பதே அவர் தரக்கூடிய மிக உயர்ந்த முடிவு. 1981 முதல் இலட்சக்கணக்கானோர் செல்லும் மெட்ஜுகோரியேவுக்கு 2024 செப்டம்பரில் கிடைத்ததும் அவ்வளவே.

நாகூருக்கு ஸியாரத் செல்லும் வழியில் வேளாங்கண்ணிக் கோபுரத்தைக் கண்டவர்கள் கேட்பார்கள்: அது எந்த வகை? அங்குள்ள பால்காரச் சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற பிள்ளை, புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் ஆகிய வரலாறுகள் வாய்மொழி மரபின் வழியே வந்தவை. 1962இல் அதற்குப் பேராலய நிலை கிடைத்தது. 2024 ஆகஸ்டில் வத்திக்கான் எழுதிய கடிதமும் அந்த யாத்திரையின் ஆன்மிகப் பயனையும், பிற சமயத்தாரும் அங்கு ஆறுதல் பெறுவதையும்தான் பாராட்டிற்று. நம்மைப் பொறுத்தவரை துஆ அல்லாஹ் ஒருவனிடமே. மர்யம் (அலை) அவர்களை அகிலத்துப் பெண்களுள் தேர்ந்தெடுக்கப்பட்டவராக மதிக்கிறோம், அவர்களிடம் வேண்டுவதில்லை. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லி அதை மறுப்பது மறுப்பாகாது.

இவ்வளவும் படித்து முடித்த வாரத்தில், வகுப்பில் ஒரு மாணவரின் தாயார் கொடுத்தனுப்பிய துண்டுப் பிரசுரம் என் மேசைக்கு வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மதீனாவில் ரவ்ளா ஷரீஃபின் பணியாளர் ஷேக் அஹ்மத் கனவு கண்டாராம். இதைப் படியெடுத்துப் பரப்பினால் செல்வம் வருமாம், பரப்பாதவருக்குக் கேடு வருமாம். ரஷீத் ரிளா அவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அல்மனார் இதழில் இதை மறுத்தெழுதினார்கள். ஷேக் இப்னு பாஸ் அவர்கள் தனிச் சிறுநூலே எழுதினார்கள். ஷஅபான் 30ஆம் இரவில் ஒருவர் நபி (ஸல்) அவர்களைக் கனவில் கண்டு, நாளை ரமளான் என்று சொல்லக் கேட்டாலும் அதை வைத்து நோன்பைத் தொடங்கலாகாது என்று இமாம் நவவி (ரஹ்) எழுதி எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் அந்தத் தாயார் பயந்துபோய்த் தையல் வேலையில் சேர்த்த பணத்தில் இருநூறு படிகள் எடுத்து, தெருவெல்லாம் கொடுத்திருக்கிறார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, பழைய குறிப்பில் நான் தவறாகச் சொன்ன வரியை மாணவர்களை அடிக்கச் சொன்னேன். பிறகு அந்தத் துண்டுப் பிரசுரத்தை நடுவில் வைத்து, நம் உஸூலுல் ஹதீஸ் பாடத்தின்படி விசாரியுங்கள் என்றேன். சற்று நேரம் அமைதி. அண்டை வீட்டில் கேட்டு வந்த அதே மாணவர்தான் முதலில் கையை உயர்த்தினார்.

"ஹஜ்ரத், இந்த ஷேக் அஹ்மதை யார் பார்த்தது?"